வாலை ஆட்டுகிறது, எழுந்து வரவில்லை: செல்லப்பிராணியின் சோர்வைக் கண்டுகொள்ளும் வழி

எங்கள் நாய்க்கு அப்போது நான்கு வயது. கதவுத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டதுமே ஓடி வந்து காலைச் சுற்றுகிற பிள்ளை. ஒரு மாலை படுத்த இடத்திலிருந்தே வாலை இரண்டு முறை தரையில் தட்டிவிட்டுத் தலையைத் திரும்பக் கீழே வைத்துக்கொண்டது. வெயில் அசதி என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியேதான் இருந்தது. தட்டில் வைத்ததில் பாதியைத் தின்றுவிட்டு நகர்ந்துவிட்டது. மூன்றாம் நாள் உதட்டைத் தூக்கிப் பார்த்தபோது ஈறு காகிதம்போல் வெளுத்திருந்தது. உண்ணிக் காய்ச்சல். பிழைத்துக்கொண்டது. ஆனால் அந்த இரண்டு நாளை நான் இழந்திருக்க வேண்டியதில்லை. வால் ஆடியதை நம்பிவிட்டேன். உடம்பு முடியாத நாயும் தன் மனிதரைக் கண்டால் வாலாட்டத்தான் செய்யும்.

நாயோ பூனையோ முதன்முறையாக வளர்க்கத் தொடங்கியிருப்பவர்கள் அந்த இரண்டு நாளை இழக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தூக்கம் வேறு, சோர்வு வேறு

புதிதாக வளர்ப்பவர்கள் முதலில் பயப்படுவது தூக்கத்தைப் பார்த்துத்தான். வளர்ந்த நாய் ஒரு நாளில் 12 முதல் 14 மணி நேரம் தூங்கும். பூனை 12 முதல் 16 மணி நேரம். குட்டிகள் 18, 20 மணி நேரம்கூடத் தூங்கும். ஆடிக்கொண்டிருக்கும்போதே சாய்ந்து தூங்கிப்போகும். இதெல்லாம் இயல்பு. நீண்ட நடைக்கு மறுநாள் அசந்து கிடப்பதும், தடுப்பூசி போட்ட பிறகு ஓரிரு நாள் மந்தமாக இருப்பதும், மயக்க மருந்து கொடுத்த அறுவைக்குப் பின் ஒரு நாள் தள்ளாடுவதும் அப்படித்தான்.

எவ்வளவு நேரம் தூங்குகிறது என்று எண்ணிக்கொண்டிருப்பதைவிட, எதற்கு எழுந்திருக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு பிராணிக்கும் எந்தத் தூக்கத்திலிருந்தும் எழுப்பிவிடக்கூடிய இரண்டு மூன்று விஷயங்கள் இருக்கும். ஒன்றுக்குக் கழுத்துவாரை எடுக்கும் ஓசை. இன்னொன்றுக்குத் தீனி டப்பா குலுங்கும் ஓசை. மற்றொன்றுக்குப் படிக்கட்டில் கேட்கும் குறிப்பிட்ட ஒருவரின் காலடி. உங்கள் பிராணிக்கு அவை எவை என்று இன்றே குறித்து வையுங்கள். அவற்றுக்கும் எழவில்லையென்றால் அது தூக்கம் அல்ல.

பூனை விஷயத்தில் இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். வலியையும் நோயையும் மறைப்பதில் பூனை கெட்டிக்காரப் பிராணி. நாய் சோர்ந்தால் நம் கண்ணெதிரே படுக்கும். பூனை பெரும்பாலும் காணாமல் போகும். அலமாரிக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், இதுவரை போகாத ஒரு மூலையில் இருக்கும். தன்னை நக்கிச் சுத்தம் செய்வதை நிறுத்திவிடுவதால் முதுகு மயிர் பிசுபிசுத்துத் திரித்திரியாக நிற்கும். முகத்திலும் தெரியும். மான்ட்ரியால் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பூனையின் முகத்தைக் கொண்டு வலியை அளக்கும் முறை ஒன்றை 2019-இல் வெளியிட்டார்கள். காது, கண், மூக்கு வாய்ப் பகுதி, மீசை, தலை நிற்கும் உயரம் என்று ஐந்தைப் பார்க்கச் சொல்கிறது அது. காதுகள் பக்கவாட்டில் விலகி, கண்கள் இடுங்கி, தலை தோளுக்குக் கீழே தாழ்ந்திருந்தால் அந்தப் பூனை ஓய்வெடுக்கவில்லை, வலியைப் பொறுத்துக்கொண்டிருக்கிறது.

நன்றாக இருக்கும் நாளில் எடுத்து வைக்க வேண்டிய கணக்கு

இது எல்லாரும் தள்ளிப்போடும் வேலை. பதினைந்து நிமிடம் போதும். நெருக்கடி வரும்போது இதுதான் கைகொடுக்கும்.

ஆழ்ந்து தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள். நெஞ்சு ஏறி இறங்கினால் ஒன்று. 30 வினாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நலமாக உள்ள நாயும் பூனையும் தூக்கத்தில் பொதுவாக நிமிடத்துக்கு 30-க்குக் குறைவாகத்தான் மூச்சு விடும். கனவு கண்டு கால்களை உதறிக்கொண்டிருக்கும்போது எண்ணினால் கணக்கு தப்பும். மூன்று நாள் எண்ணினால் உங்கள் பிராணியின் வழக்கமான எண் தெரிந்துவிடும்.

உதட்டை மெல்லத் தூக்கி ஈற்றின் நிறத்தைப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வையுங்கள். சில நாய்களுக்கு ஈறு பிறவியிலேயே கறுப்பாக இருக்கும். அவற்றுக்குக் கீழ் இமையை இழுத்து உட்புறத்தைப் பார்க்கலாம். இளஞ்சிவப்பான இடத்தை விரலால் ஒரு கணம் அழுத்தி விட்டால் வெளுத்து, இரண்டு வினாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும்.

மாதம் ஒருமுறை எடை பாருங்கள். பிராணியைத் தூக்கிக்கொண்டு எடை மேடையில் ஏறி, பிறகு நீங்கள் மட்டும் ஏறி, கழித்துக்கொள்ளலாம். நான்கு கிலோ பூனை 400 கிராம் இழப்பது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அது உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு.

உடல் வெப்பத்தைப் பற்றியும் ஒரு சொல். நாய், பூனை இரண்டுக்கும் இயல்பான வெப்பம் 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். ஃபாரன்ஹீட்டில் ஏறக்குறைய 100.5 முதல் 102.5. 101 என்று பார்த்ததும் காய்ச்சல் என்று பதறுகிறவர்கள் உண்டு. அது ஆரோக்கியமான வெப்பம். மாறாக, நமக்கு இயல்பான 98.6 ஒரு நாய்க்கு வந்தால் அதுதான் கவலைக்குரியது. உடல் குளிர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

சோர்வு தெரிந்ததும் முதல் பத்து நிமிடம்

பதற்றத்தில் தூக்கவோ உலுக்கவோ வேண்டாம். கொஞ்ச தூரத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

முதலில் மூச்சு. எழுந்து உங்களைப் பார்ப்பதற்கு முன் எண்ணிவிடுங்கள். எண்ணிக்கை மட்டுமல்ல, மூச்சு விடும் விதமும் முக்கியம். வயிறு உள்ளிழுத்து உள்ளிழுத்து உழைக்கிறதா, கழுத்தை நீட்டி முழங்கையை அகற்றி வைத்திருக்கிறதா என்று பாருங்கள். பூனை வாயைத் திறந்து மூச்சு விடுகிறதா? ஓடியாடிய நாய் நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பது இயல்பு. ஓய்ந்திருக்கும் பூனை அப்படிச் செய்தால் மேற்கொண்டு எதையும் சோதிக்க வேண்டாம், கிளம்புங்கள்.

அடுத்து அழைத்துப் பாருங்கள். குறித்து வைத்த அந்த இரண்டு மூன்று விஷயங்களையும் முயலுங்கள். எழுந்தால் எப்படி எழுகிறது? பின்னங்கால் இழுக்கிறதா, முதுகு வளைந்திருக்கிறதா, நான்கடி நடந்து உட்கார்ந்துவிடுகிறதா?

பிறகு ஈறு. வெளுத்திருந்தால் இரத்தம் குறைந்திருக்கிறது அல்லது இரத்த ஓட்டம் தளர்ந்திருக்கிறது. நீலம் ஓடினால் பிராணவாயு போதவில்லை. மஞ்சளாக இருந்தால் கல்லீரலிலோ இரத்தச் சிவப்பணுக்களிலோ கோளாறு. செங்கல்போல் அடர்சிவப்பாக இருந்தால் வெப்பத்தாக்கோ கடும் தொற்றோ இருக்கலாம். ஈற்றைத் தொட்டால் வழுவழுவென்று ஈரமாக இருக்க வேண்டும். விரல் ஒட்டினால் உடம்பில் நீர் வற்றியிருக்கிறது. தோளுக்கு மேலே தோலைத் தூக்கி விட்டுப் பார்க்கும் சோதனையும் உண்டு. வயதான, மெலிந்த பிராணிகளுக்குத் தோல் எப்படியும் தளர்ந்திருக்கும் என்பதால் ஈற்றைத்தான் நான் அதிகம் நம்புகிறேன்.

மூக்கு காய்ந்திருக்கிறதா என்று பார்த்து முடிவெடுக்காதீர்கள். தூங்கி எழுந்த நாய்க்கும் மூக்கு காய்ந்திருக்கும்; கடும் காய்ச்சலிலும் மூக்கு ஈரமாக இருக்கும். சந்தேகம் இருந்தால் டிஜிட்டல் தெர்மாமீட்டரில் வாசலின் தடவி ஆசனவாயில் இரண்டு சென்டிமீட்டர் அளவு வைத்துப் பார்ப்பதுதான் சரியான வழி. ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் பார்க்க வேண்டும். பிராணி திமிறினால் விட்டுவிடுங்கள்.

கடைசியாக, தலையிலிருந்து வால் வரை கையால் தடவுங்கள். காது மடிப்பு, கழுத்துப்பட்டைக்கு அடியில், கால் விரல் இடுக்கு ஆகிய மூன்றும் உண்ணிக்குப் பிடித்த இடங்கள். வெளியே போய்வரும் பூனைக்குக் கடிபட்ட இடம் மேலே ஆறி உள்ளே சீழ் கட்டியிருக்கும். தொட்டால் சூடாக, மெத்தென்று தட்டுப்படும். வயிற்றை அழுத்தாமல் தொட்டுப் பாருங்கள். தண்ணீர்க் கிண்ணத்தையும் மணல்தட்டையும் பாருங்கள்: எவ்வளவு குடித்தது, கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது?

இவ்வளவையும் பார்க்கும்போது வீட்டில் இன்னொருவர் பிராணியின் நடையையும் மூச்சையும் கைபேசியில் பதிவு செய்யட்டும். மருத்துவமனை மேசையில் ஏறியதும் பயத்தில் பல நாய்கள் திடீரென்று சுறுசுறுப்பாகிவிடும். அங்கே மறைவதை அந்தப் பதிவு காட்டும்.

எந்த நேரமானாலும் உடனே கிளம்ப வேண்டியவை

ஈறு வெளுத்தோ நீலமாகவோ இருப்பது, மூச்சுக்குத் திணறுவது, சுருண்டு விழுவது, வலிப்பு, நிற்காத இரத்தப்போக்கு, எழுப்பினாலும் எழாத மயக்கம் ஆகியவற்றை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சோர்வு என்ற போர்வையில் வரும் வேறு சில உண்டு. புதியவர்கள் தவறவிடுவது அவற்றைத்தான்.

ஆண் பூனை அடிக்கடி மணல்தட்டுக்குப் போய் முக்குகிறது, ஒன்றும் வரவில்லை, பிறகு சோர்ந்து படுக்கிறது. பலர் இதை மலச்சிக்கல் என்று நினைக்கிறார்கள். சிறுநீர்ப்பாதை அடைத்திருக்கலாம். அடைப்பு நீடித்தால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடும். நாளைக் காலை வரை காத்திருக்கக் கூடாது.

நெஞ்சு ஆழமான பெரிய இன நாய் ஓங்கரிக்கிறது, எதுவும் வெளியே வரவில்லை, வயிறு உப்புகிறது, ஓரிடத்தில் நிற்க முடியாமல் தவிக்கிறது என்றால் இரைப்பை காற்றடைத்து முறுக்கிக்கொண்டிருக்கலாம். அறுவை ஒன்றே வழி. சில மணி நேரத்தில் உயிர் போகும்.

கருத்தடை செய்யாத பெண் நாய் பருவத்துக்கு வந்து சில வாரங்கள் ஆகியிருக்கும். சாப்பாடு குறையும், தண்ணீர் மட்டும் நிறையக் குடிக்கும், மந்தமாகப் படுத்திருக்கும். கருப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். பின்பக்கத்தில் சீழ் வடிந்தால் கண்டுபிடிப்பது எளிது. கருப்பை வாய் மூடியிருந்தால் எதுவுமே வடியாது, அதுதான் கூடுதல் ஆபத்து. பெண் நாய் வளர்க்கிறவர்கள் பருவம் வந்த தேதியைக் குறித்து வைப்பது இதற்காகத்தான்.

பூனைக்குத் திடீரென்று பின்னங்கால்கள் செயலிழந்து, வலியில் கத்தி, பாதம் குளிர்ந்திருந்தால் இரத்தக்கட்டி அடைத்திருக்கலாம். பெரும்பாலும் அதற்கு வேர் இதயத்தில் இருக்கும்.

வெப்பத்தாக்குக்கு மட்டும் வீட்டிலேயே வேலை தொடங்க வேண்டும். வெயிலிலோ மூடிய வாகனத்திலோ இருந்த நாய் கடுமையாக இரைத்து, எச்சில் ஒழுகி, தள்ளாடினால் நிழலுக்குக் கொண்டுவந்து உடம்பெங்கும் குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி மூடிவிடாதீர்கள், வெப்பம் உள்ளேயே தங்கிவிடும். உடலைக் குளிர வைத்தபடியே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கு இது மிதமான வெப்பத்திலும் வரும்.

குட்டிகளுக்குக் கெடு இன்னும் குறுகியது. நான்கு மாதத்துக்குட்பட்ட குட்டி சோர்ந்தால் மணிக்கணக்கில்தான் யோசிக்க வேண்டும், நாள்கணக்கில் அல்ல. வாந்தியும் இரத்தக் கழிச்சலும் சேர்ந்தால் பார்வோ வைரஸாக இருக்கலாம். ஈறு வெளுத்திருந்தால் இரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழுவாக இருக்கலாம். மிகச் சிறிய குட்டி துவண்டு குளிர்ந்து கிடந்தால் இரத்தச் சர்க்கரை இறங்கியிருக்கக் கூடும். துணியில் சுற்றிச் சூடு கொடுத்து, ஈற்றில் கொஞ்சம் தேனோ சர்க்கரைக் கரைசலோ தடவிக்கொண்டே கிளம்புங்கள். வாய்க்குள் ஊற்றாதீர்கள், புரையேறும்.

இன்றே காட்ட வேண்டியவை, ஒரு நாள் பார்க்கலாமென்பவை

சோர்வோடு இன்னொன்று சேர்ந்தால் அன்றே காட்டுங்கள்: காய்ச்சல், மீண்டும் மீண்டும் வாந்தி, கழிச்சல், அடர்ந்த பழுப்புநிறச் சிறுநீர், உடம்பில் உண்ணி, இரண்டு வேளை சாப்பிடாமை. பூனை ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லையென்றால் அதுவே போதிய காரணம். குறிப்பாகக் குண்டான பூனை சில நாள் பட்டினி கிடந்தால் உடலிலுள்ள கொழுப்பு கல்லீரலில் போய்ச் சேர்ந்து அதுவே தனி நோயாகிவிடும்.

சாப்பிடுகிறது, குடிக்கிறது, ஈறும் மூச்சும் சரி, கூப்பிட்டால் வருகிறது, வழக்கமான உற்சாகம் மட்டும் இல்லை என்றால் 24 மணி நேரம் பார்க்கலாம். பார்ப்பதென்றால் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மூச்சு, ஈறு, சாப்பாடு, சிறுநீர் என்று எழுதி வைப்பது. ஏதாவது ஒன்று சரிந்தாலும் காத்திருப்பை முடித்துக்கொள்ளுங்கள்.

கை பரபரத்தாலும் செய்யக் கூடாதவை

நம் மருந்துப் பெட்டியைத் திறக்காதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். ஒரு பாராசிட்டமால் மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். அந்த மருந்தை உடைக்கும் திறன் அதன் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ஐபுப்ரூஃபன் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் புண்ணாக்கும். நாய்க்கான பெர்மெத்ரின் கலந்த உண்ணி மருந்தைப் பூனைக்குப் போட்டால் நடுக்கமும் வலிப்பும் வரும்.

நஞ்சு தின்றிருக்கலாம் என்று தோன்றினால் உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எதைத் தின்றது, எவ்வளவு, எப்போது என்று தெரிந்துகொண்டு அதன் உறையையும் எடுத்துக்கொண்டு போங்கள். நஞ்சு எப்போதும் உடனே காட்டாது. எலி மருந்துகளில் பல இரத்தம் உறைவதைத் தடுப்பவை. அவற்றின் விளைவு பெரும்பாலும் 3 முதல் 5 நாள் கழித்துச் சோர்வாகவும் வெளுப்பாகவும் தெரியவரும். வெங்காயமும் பூண்டும் சிவப்பணுக்களைச் சிதைப்பதும் அப்படிச் சில நாள் கழித்துத்தான். லில்லிப் பூவின் மகரந்தத்தை நக்கினால்கூடப் பூனையின் சிறுநீரகம் கெடும். ஆகவே மருத்துவர் கேட்பதற்கு முன்பே, இன்று மட்டுமல்லாமல் போன வாரம் முழுவதையும் நினைத்துப் பாருங்கள்.

இன்னும் ஒன்று, உங்கள் உயிர் சம்பந்தப்பட்டது. நாய் சோர்ந்து ஒதுங்கி, தாடை தொங்கி, எச்சில் வடிந்து, விழுங்க முடியாமல் இருந்தால் தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று வாயில் கைவிடாதீர்கள். வெறிநோய் எப்போதும் பாய்ந்து கடிக்கும் வடிவில் வருவதில்லை. வாதமடித்த வடிவிலும் வரும். தள்ளி நின்று மருத்துவரைத் தொலைபேசியில் அழையுங்கள். எச்சில் காயத்தில் பட்டிருந்தால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, நீங்கள் உடனே உங்களுக்கான தடுப்பூசிக்குப் போங்கள்.

"வயசாகிவிட்டது" என்று சொல்வதற்கு முன்

திடீரென்று வரும் சோர்வு நம்மை ஓட வைத்துவிடும். மாதக்கணக்கில் மெல்ல வருவதைத்தான் நாம் ஏற்றுக்கொண்டு பழகிவிடுகிறோம். எட்டு வயது நாய் படியேறத் தயங்குகிறது. பத்து வயதுப் பூனை ஜன்னல் திட்டுக்குத் தாவுவதை விட்டுவிட்டது. "வயசாகிவிட்டது, பாவம்" என்கிறோம். வயது ஒரு நோயல்ல. அந்த ஒரு சொல்லின் அடியில் மருந்தால் தீரக்கூடிய எத்தனையோ வலி பேசாமல் கிடக்கிறது.

மூட்டுத் தேய்மானம் உள்ள பூனை பெரும்பாலும் நொண்டாது. தாவுவதற்கு முன் யோசிக்கும், இரண்டு தாவலில் ஏறும், அடி முதுகை நக்க முடியாமல் அங்கே மயிர் சிக்கலாகும். நடுவயது நாய் அதே அளவு சாப்பிட்டும் பருக்கிறது, இரண்டு விலாப்பக்கமும் ஒரேபோல் மயிர் உதிர்கிறது, குளிர் தாங்காமல் வெயிலைத் தேடுகிறது என்றால் தைராய்டு குறைந்திருக்கலாம். இரத்தப் பரிசோதனையில் தெரியும். தினசரி மாத்திரையில் சில வாரங்களில் பழைய நாய் திரும்பி வருவதைப் பார்க்கலாம். சிறிய இன நாய் இரவில் இருமி, நடையில் பாதியில் உட்கார்ந்தால் இதய வால்வைச் சோதிக்க வேண்டும். தூக்கத்தில் எண்ணி வைத்த மூச்சுக் கணக்கு அப்போது மருத்துவருக்குப் பெரிய உதவி. தண்ணீரும் சிறுநீரும் அதிகமாகி உடல் மெலிந்தால் நீரிழிவு, சிறுநீரக நோய் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

வந்து வந்து போகும் சோர்வை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். அட்ரினல் சுரப்பி தளர்ந்த நாய் சில நாள் துவண்டு, வாந்தி எடுத்து, தானாகத் தேறி, மறுபடி விழும். வயதான பெரிய நாய் ஒருநாள் சட்டென்று சரிந்து, ஈறு வெளுத்து, சில மணி நேரத்தில் எழுந்து நடந்தால் மண்ணீரல் கட்டியிலிருந்து உள்ளே இரத்தம் கசிந்திருக்கக் கூடும். தேறிவிட்டதே என்று மருத்துவரிடம் போகாமல் விட்டுவிடக் கூடாது.

முயலும் பறவையும் வளர்ப்பவர்களுக்கு இரண்டே வரி. முயல் 12 மணி நேரம் எதையும் தின்னாமல் புழுக்கையும் போடாமல் இருந்தால் அதன் குடல் நின்றுபோயிருக்கலாம், அது அவசரம். பறவை சிறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்துவிட்டால், அது அதுவரை மறைத்துவந்த நோயை இனி மறைக்க முடியாத கட்டத்துக்கு வந்துவிட்டது.

வீடு திரும்பிய பிறகு

மருத்துவர் மருந்து தொடங்கியதும் சாப்பாடு, மூச்சு, ஈற்றின் நிறம் மூன்றையும் நோட்டில் தொடர்ந்து எழுதுங்கள். உண்ணிக் காய்ச்சல்களில் ஒன்றான எர்லிக்கியாவுக்கு டாக்சிசைக்ளின் பொதுவாக 28 நாள் தருவார்கள். எங்கள் நாய் மூன்றாம் நாளே கதவுக்கு ஓடி வந்தது. மாத்திரையைப் பார்த்ததும் கட்டிலுக்கு அடியில் ஒளிந்தது. அந்தத் துள்ளலைப் பார்த்து மருந்தை நிறுத்திவிடாதீர்கள், 28 நாளும் கொடுத்து முடியுங்கள். பூனைக்கு இதே மாத்திரை தர நேர்ந்தால் அது உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கக் கூடும். விழுங்கியதும் ஊசியில்லாத சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீரைக் கன்னத்தின் ஓரமாக மெல்ல விட்டு உள்ளே இறக்கிவிடுங்கள்.